3 இன்ச்சுக்குக் கீழ இருந்தா போதுமா? நாடு மாறுறப்ப பாக்கெட் கத்தி எடுத்துட்டுப் போறது

மடக்கி:
வணக்கம் மக்களே. அடுத்த மாசம் வேலை மாறி லண்டன் போறேன், அங்க ஒரு எட்டு மாசம், அப்புறம் அதே டீம் ஜெர்மனிக்கு ஷிஃப்ட் ஆகுது, ரெண்டுக்கும் சேத்து ஒரே பெட்டிதான் கட்டிட்டு இருக்கேன். விசா, வீடு எல்லாம் ஒரு வழியா முடிஞ்சுது. மிச்சம் ஒரு சில்லறைக் கேள்வி, கேட்டா சிரிப்பீங்க.

பதினோரு வருஷமா என் வலது பாக்கெட்ல ஒரு மல்டிடூல் இருக்கு, கத்தி, ஸ்க்ரூடிரைவர் எல்லாம் ஒண்ணா மடங்கறது. பார்சல் பிரிக்க, ஒயர் சீவ, லூசான ஸ்க்ரூ முடுக்க எல்லாத்துக்கும் அதான். கிளம்பறப்ப போன், பர்ஸ், சாவி, அது, இந்த நாலையும் தட்டிப் பாத்துட்டுதான் கதவ சாத்துவேன். கட்டைவிரலால தள்ளுனா ஒரே கையில திறக்கும், திறந்ததும் டக்குனு லாக் விழும். இங்கிலாந்துல 3 இன்ச்சுக்குக் கீழ இருந்தா ஓகேன்னு ஒரு வீடியோல சொன்னாங்க. 3 இன்ச்னா 7.62 செ.மீ., என்னோடத ஸ்கேல் வச்சு அளந்தேன், 7.3 தான் வருது. அப்ப எடுத்துட்டுப் போலாம்ல? கூடவே ரெண்டு கிச்சன் கத்தியும் இருக்கு, நல்ல கத்தி, விட்டுட்டுப் போக மனசு வரல.

ரேஸர்ராஜா:
தாராளமா எடுத்துட்டுப் போ ப்ரோ. 3 இன்ச்சுங்கறதுதான் எல்லா நாட்டுலயும் ரூல், அதுக்குக் கீழன்னா பேனாக்கத்தி, மேலன்னா ஆயுதம், சிம்பிள். ஃப்ளைட்ல மட்டும் செக்-இன் பெட்டில போட்டுடு.

வெறும்வாய்:
லாக் விழுதுன்னு சொன்னியே, அங்கயே கதை முடிஞ்சுது.

துபாஷி:
தம்பி, ராஜா சொல்றத நம்பி பெட்டி கட்டாத. நான் 14 வருஷமா இங்கிலாந்துல இருக்கேன், போலீஸ் ஸ்டேஷன்லயும் கோர்ட்லயும் நம்ம ஆளுங்களுக்கு மொழிபெயர்த்துச் சொல்றதுதான் பொழப்பு. வக்கீல் இல்ல, ஆனா இந்த ஒரு சட்டத்த எத்தன தடவ ரெண்டு மொழிலயும் வாயால ஓட்டிருப்பேன்னு கணக்கே கிடையாது.

இங்க 1988ல வந்த கிரிமினல் ஜஸ்டிஸ் சட்டம், அதுல 139ஆவது பிரிவு. "இவ்வளவு நீளத்துக்கு மேல போனா தப்பு"ன்னு அது ஆரம்பிக்கல. பிளேடு இருக்கறதோ கூர்முனை இருக்கறதோ எதையும் பொது இடத்துல வச்சிருக்கக் கூடாது, அதான் அடிப்படை. அதுக்கு அப்புறம்தான் ஒரு பொடி விலக்கு வருது, மடக்கற பாக்கெட் கத்தியா இருந்து வெட்டற விளிம்பு 3 இன்ச்சுக்கு மேல போகாம இருந்தா காரணம் கேக்க மாட்டாங்க. "மடக்கற"ங்கற வார்த்தைல உன் மல்டிடூல் மாட்டிக்குது. லாக் விழுந்தா, அத விடுவிச்சாத்தான் மடங்கும்னா, சட்டத்து கண்ணுல அது மடக்குக் கத்தியே இல்ல, உறைல போடற, மடங்காத நீட்டுக் கத்தி மாதிரிதான். 90கள்லயே ஹைகோர்ட் இப்படித் தீர்ப்பு சொல்லிடுச்சு, 1998ல அப்பீல் கோர்ட்டும் அதையே உறுதி பண்ணிடுச்சு. அதனால 7.3 வந்தாலும் 2.3 வந்தாலும் ஒண்ணுதான்.

எவ்வளவு தூரம் போவாங்கன்னு பாக்கணும்னா, 2005ல ஒரு கேஸ். முனையும் இல்ல, கூரும் இல்ல, வெண்ணெய் தடவற கத்தி. அதுவும் பிளேடு உள்ள பொருள்தான்னு தீர்ப்பு வந்துச்சு. இத நான் சொன்னா யாரும் நம்ப மாட்டாங்க.

முழுசாத் தடைன்னும் அர்த்தம் இல்ல. சரியான காரணம் இருந்தா லாக் கத்தியும் வச்சுக்கலாம், நீட்டுக் கத்தியும் வச்சுக்கலாம். வேலைக்கு, மதத்துக்கு, பாரம்பரிய உடுப்புக்குன்னு சட்டத்துலயே எழுதியிருக்கு. ஆனா காரணத்த நிரூபிக்க வேண்டியது நீ, போலீஸ் இல்ல. நிரூபிக்க முடியலன்னா அதிகபட்சம் 4 வருஷம் ஜெயில். பெரியவங்க ரெண்டாவது தடவ மாட்டுனா குறைஞ்சது 6 மாசம்னு 2015ல இருந்து ரூல்.

ரேஸர்ராஜா:
அக்கா வெண்ணெய்க் கத்திக்கெல்லாம் கேஸா, சும்மா பயமுறுத்தாதீங்க. நான் ரெண்டு தடவ டூர் போயிருக்கேன், ஒருத்தனும் பாக்கெட்ட தொட்டது கூட இல்ல.

துபாஷி:
தொடலன்னா சந்தோஷம் ராஜா. டூர் போறவனுக்கும் குடியேறப் போறவனுக்கும் வித்தியாசம் இருக்கு. நீ பத்து நாள்ல ஊர் திரும்பிடுவ, இந்தத் தம்பி அங்க தினமும் ரயில் ஏறணும், விசா நீட்டிக்கணும், பின்னாடி நிரந்தரக் குடியுரிமைக்கு ஃபார்ம் நிரப்பணும். "இதுக்கு முன்னாடி ஏதாச்சும் குற்றத்துக்கு"ன்னு ஒரு கட்டம் இருக்கும்ல, ஜெயில் தண்டனைதான்னு இல்ல, போலீஸ் ஸ்டேஷன்லயே எழுதிக் குடுத்து விடற எச்சரிக்கைய கூட அதுல கேப்பாங்க. ஒரு மல்டிடூலுக்காக அந்தக் கட்டத்துல டிக் போட்டவங்களுக்கு உக்காந்து மொழிபெயர்த்திருக்கேன்.

மடக்கி:
அக்கா ரொம்ப நன்றி, வயித்தக் கலக்கிட்டீங்க. ரெண்டு டவுட்டு. லாக் இருக்கா இல்லையான்னு தெருவுல நிக்கற போலீசுக்கு எப்படித் தெரியும்? அப்புறம் கார்ல டாஷ்போர்டுக்குள்ள போட்டு வச்சா?

துபாஷி:
தெருவுல பாத்திருக்கேன். ஆபீசர் கையுறை போட்டுக்கிட்டு பிளேட்ட முழுசாத் திறந்தாரு, வெட்டற பக்கம் இல்ல, முதுகுப் பக்கம் ரெண்டு விரல வச்சு மெதுவா அமுக்குனாரு. அசையல. இன்னும் கொஞ்சம் அமுக்குனாரு. அசையல. பிடிக்கு உள்பக்கம் அந்தச் சின்னத் தகட்ட கட்டைவிரலால தள்ளுனதும் மடங்கிடுச்சு. அவ்வளவுதான் டெஸ்ட், அரை நிமிஷம். லாக் இல்லாததா இருந்தா முதுக அமுக்குன உடனே ஸ்ப்ரிங் விட்டுக்குடுத்து மடங்கிடும். உன்னோடத நீயே வீட்டுல இப்படிப் பண்ணிப் பாரு, ஸ்கேல் தேவையில்ல.

கார் ரோட்டுல நிக்குதுன்னா கணக்கு பாக்கெட் மாதிரிதான், டாஷ்போர்டு உன் வீடு இல்ல. "மறந்துபோய் உள்ள கிடந்துச்சு"ன்னு மட்டும் சொன்னா அது காரணமா எடுத்துக்க மாட்டாங்க, கூட வேற நம்பற மாதிரி சூழ்நிலை இருந்தாத்தான்.

அடுப்படி:
கிச்சன் கத்திக்கு நான் பதில் சொல்றேன், பத்து வருஷமா ஹோட்டல் கிச்சன்ல நிக்கறேன், மூணு நாடு பாத்தாச்சு, கத்தி எல்லாம் என் சொந்தம், கிச்சன்ல இருக்கறத நான் தொடறதே இல்ல.

செக்-இன் பெட்டில தாராளமா போடலாம். ஆனா நிர்வாணமா போடாத ப்ரோ. பெட்டிய திறந்து கைய விட்டுத் துழாவற ஆளுக்கு விரல் போயிடும். ஒவ்வொரு கத்திக்கும் பிளாஸ்டிக் உறை போட்டு, அதுக்கு மேல தடிமனான அட்டைய மடிச்சு டேப் ஒட்டு, அப்புறம் துணி ரோல்ல சுருட்டி பெட்டிக்கு நடுவுல, சுத்தி துணி. முனை அட்டைய குத்திட்டு வந்துச்சா இல்லையான்னு பெட்டி மூடறதுக்கு முன்னாடி உள்ளங்கைய வச்சுத் தடவிப் பாரு.

வீட்டுல வச்சு வெட்டறதுக்கு யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க. வெளிய தூக்கிட்டு நடக்கறப்பதான். நான் வேலைக்குப் போறப்ப ரோல கட்டி, பக்கிள் போட்டு, பைக்கு அடில, மேல யூனிஃபார்ம். ஒரு ராத்திரி ஷிஃப்ட் முடிஞ்சு லண்டன்ல ரயில்வே ஸ்டேஷன் வாசல்ல செக்கிங், சந்தேகம் இல்லாமலே யார வேணா சோதிக்கலாம்னு அந்த ஏரியாவுக்கு ஆர்டர் போட்டிருந்தாங்களாம். பைய திறக்கறதுக்கு முன்னாடியே நானே சொல்லிட்டேன், சார் நான் குக், உள்ள ஏழு கத்தி இருக்கு, வேலை முடிஞ்சு நேரா வீட்டுக்குப் போறேன்னு. ரோட்டா ஷீட்ட, அதான் ஷிஃப்ட் அட்டவணைய, போன்ல காட்டுனேன், கையில இருந்த தழும்பையும் பாத்தாரு, போப்பான்னு விட்டுட்டாரு. அதே நாள் என் கூட வேலை பாத்தவன் ஷிஃப்ட் முடிஞ்சு மூணு மணி நேரம் பார்ல உக்காந்துட்டு அதே ரோலோட போயிருக்கான், அவன உக்கார வச்சு நடுராத்திரி வரைக்கும் கேள்வி. கத்தி ஒண்ணுதான், வேலை ஒண்ணுதான், நடுவுல அந்த மூணு மணி நேரம்தான் பிரச்சினை.

வேலை முடிஞ்சா நேரா வீடு, இல்லன்னா ரோல கிச்சன் லாக்கர்ல வச்சுட்டுப் போ. இத எனக்கு எந்த முதலாளியும் சொல்லித் தரல.

ரயில்பூச்சி:
ஜெர்மனி நான் எடுத்துக்கறேன், ஆறு வருஷமா இங்க இருக்கேன். மடக்கி தம்பி, உன் மல்டிடூல் இங்கயும் அடி வாங்கும், ஆனா வேற காரணத்துக்கு. அதான் இந்த விஷயத்துல காமெடி.

இங்கிலாந்துல லாக் இருந்தாலே தப்பு. இங்க லாக் தனியா தப்பில்ல, ஒரே கையில திறக்கறதும் தனியா தப்பில்ல, ரெண்டும் சேந்துச்சுன்னா தப்பு. ஐன்ஹாண்ட்மெஸ்ஸர்னு சொல்லுவாங்க, ஒத்தக்கைக் கத்தி. ஆயுதச் சட்டத்துல 42 ஏ பிரிவு, 2008ல இருந்து அமல்ல இருக்கு. மடங்காத நீட்டுக் கத்தின்னா பிளேடு 12 செ.மீ.க்கு மேல போகக்கூடாது. மீறுனா 10,000 யூரோ வரைக்கும் அபராதம் போட இடமிருக்கு. வேலை, விளையாட்டு, மரபுன்னு நியாயமான தேவை இருந்தா விலக்கு உண்டு, இல்லன்னா பூட்டுன பெட்டில வச்சுக் கொண்டு போலாம்.

அப்ப ரெண்டு கையால நகம் வச்சு இழுத்துத் திறந்து லாக் விழற கத்தி இங்க ஓகே, லண்டன்ல மாட்டும். ஒத்தக்கையில திறந்து லாக் விழாதது, 3 இன்ச்சுக்குள்ள, ரெண்டு ஊர்லயும் ஓகே. உன்னோடது ரெண்டு ஊர்லயும் அவுட். வாழ்த்துகள்.

2024 அக்டோபர் கடைசில இன்னும் இறுக்கிட்டாங்க. பட்டன அமுக்குனா பாயற ஸ்ப்ரிங் கத்தி ஏறக்குறைய முழுசா தடை, முன்னாடி பக்கவாட்டுல திறக்கற 8.5 செ.மீ. வரைக்கும் விட்டு வச்சிருந்தாங்க. திருவிழா மாதிரி பொது நிகழ்ச்சிகள்ல, தூரம் போற ரயில் பஸ்ல எந்தக் கத்தியும் கையில இருக்கக் கூடாது. கொண்டு போகணும்னா "சட்டுனு எடுக்க முடியாத மாதிரி" இருக்கணும், அதுக்கு அளவுகோல் என்ன தெரியுமா, மூணு கையசைவு. மூணுக்கு மேல அசைஞ்சாத்தான் கத்தி கைக்கு வரணும். இதப் படிச்சுட்டு நான் உண்மையிலயே டேபிள்ல பைய வச்சு எண்ணிப் பாத்தேன். பையோட ஜிப் ஒண்ணு, உள்ள பவுச்ச எடுக்கறது ரெண்டு, அதோட ஜிப் மூணு, டப்பா மூடி நாலு, கத்தி அஞ்சு. வீட்டுக்காரி பாத்துட்டு என்ன பரதநாட்டியமான்னு கேட்டா.

அது போக ஊருக்கு ஊரு தடை மண்டலம் இருக்கு. பெர்லின்ல 2025 பிப்ரவரில மூணு இடத்த அறிவிச்சாங்க, ஜூலைல இருந்து லோக்கல் ரயில், பஸ், ஸ்டேஷன் எல்லாத்துலயும் கத்தி தடை. ஹாம்பர்க்கும் இப்படித்தான். இந்த இடங்கள்ல நகவெட்டி சைஸ் பேனாக்கத்தின்னு எல்லாம் சலுகை கிடையாது. அதனால நாட்டோட சட்டத்த மட்டும் படிச்சா பத்தாது, நீ இறங்கற ஸ்டேஷன் வரைக்கும் படிக்கணும்.

மடக்கி:
அண்ணே அந்த மூணு கையசைவு நிஜமாவே சட்டத்துலயா!! சரி அப்ப ரெண்டு நாட்டுக்கும் பொதுவா ஒண்ணு வாங்கணும்னா லாக் இல்லாத, நகத்தால இழுக்கற, சின்ன பிளேடு. வேற ஊருக்கு வீக்கெண்ட் போனா?

ரயில்பூச்சி:
டென்மார்க்னா மடங்கணும், லாக் கூடாது, 7 செ.மீ.க்குள்ள, அது மட்டும்தான் காரணம் இல்லாம பாக்கெட்ல இருக்கலாம். பிரான்ஸ்ல நீளக் கணக்கே இல்ல, எந்தக் கத்தியா இருந்தாலும் நியாயமான காரணம் இல்லாம வெளிய தூக்கிட்டு சுத்துனா தப்பு, ஒரு வருஷம் ஜெயில், 15,000 யூரோ வரைக்கும் போலாம். பிக்னிக் கூடையோட மலைக்குப் போறவன விடுவாங்க, அதே கத்தியோட ராத்திரி மெட்ரோல நின்னா விட மாட்டாங்க. ஸ்வீடன்லயும் 1988ல இருந்தே பொது இடத்துல கத்திக்குத் தனிச் சட்டம், அங்கயும் சூழ்நிலைதான் பாப்பாங்க.

ரேஸர்ராஜா:
ஐரோப்பாவ விடுங்க, அமெரிக்கா போனா நிம்மதி, துப்பாக்கியே விக்கறான், கத்திய எவன் கேக்கப் போறான்.

ஹைவே:
@ரேஸர்ராஜா நான் இங்க மூணு மாநிலம் மாறிட்டேன், நிம்மதின்னு சொன்னது யாருங்க. டெக்சாஸ்ல 2017ல இருந்து பெரியவங்க ஏறக்குறைய எதையும் தூக்கிட்டுப் போலாம், 5.5 இன்ச்சுக்கு மேல இருந்தா மட்டும் ஸ்கூல், பார் மாதிரி சில இடத்துக்குள்ள கூடாது. அதே கத்திய நியூயார்க் சிட்டிக்குக் கொண்டு போனா 4 இன்ச் இருந்தாலே தப்பு, அதுக்குக் கீழ இருந்தாலும் வெளிய தெரியற மாதிரி இடுப்புல மாட்டக்கூடாது. அங்க இருந்து கலிஃபோர்னியா வந்தா தலைகீழ், உறைக் கத்திய ஒளிச்சு வச்சாத்தான் குத்தம், இடுப்புல எல்லாருக்கும் தெரியற மாதிரி தொங்கணும். ஒரு ஊர்ல மறைக்கணும், இன்னொரு ஊர்ல காட்டணும், ஒரே நாடுங்க இது.

எந்த மாநிலமா இருந்தாலும் ஃபெடரல், அதான் மத்திய அரசு, ஆபீஸ் கட்டடத்துக்குள்ள போறப்ப பாக்கெட் கத்தி 2.5 இன்ச்சுக்கும் குறைவா இருக்கணும், விசா வேலையா அப்படி ஒரு இடத்துக்குப் போறப்ப வாசல்ல ஞாபகம் வந்து பார்க்கிங்குக்கு ஓடுனவன் நான். ஸ்விட்ச்பிளேடுக்கு, அதான் பட்டன அமுக்குனா பாயற கத்திக்கு, 1958லயே ஃபெடரல் சட்டம் இருக்கு, ஆனா மாநிலங்கள் ஒவ்வொண்ணா தடைய எடுத்துட்டு வராங்க, மாசசூசெட்ஸ்ல 2024ல அவங்க உச்ச நீதிமன்றமே தடை செல்லாதுன்னு சொல்லிடுச்சு.

கனடா பக்கம் வந்தா பொதுவான நீளக் கணக்கு இல்ல, கிரிமினல் கோட்ல பாக்கறது எப்படித் திறக்குதுன்னு. பட்டன்ல, இல்ல கைய உதறுனா தானா திறந்துச்சுன்னா அது தடை செஞ்ச ஆயுதம். நல்லா எண்ணெய் போட்டு லூசாக்கி வச்ச சாதா மடக்குக் கத்திய பார்டர்ல ஆபீசர் மணிக்கட்ட ஒரு வெட்டு வெட்டிப் பாப்பாரு, திறந்துக்குச்சுன்னா போச்சு.

கிடங்கு_குமார்:
ஆஸ்திரேலியா யாரும் சொல்லல. இங்க மாநிலத்துக்கு மாநிலம் வேற, நான் விக்டோரியால இருக்கேன். 3 இன்ச், 7 செ.மீ.ன்னு எந்த விலக்கும் இங்க இல்ல, எந்தக் கத்தியா இருந்தாலும் சட்டப்படி செல்லற காரணம் இருக்கணும், தற்காப்பு காரணம் ஆகாதுன்னு சட்டத்துலயே எழுதி வச்சிருக்காங்க.

எனக்கு நடந்தது. வேர்ஹவுஸ் வேலை, நாள் பூரா பாக்ஸ் கட்டர் கையில. ஒரு சாயங்காலம் ஸ்டேஷன்ல போலீஸ் மெட்டல் டிடெக்டர் குச்சியோட நின்னாங்க, என் பேண்ட் பாக்கெட்ல பீப். எடுத்துக் குடுத்தேன். மேல ரிஃப்ளெக்டர் ஜாக்கெட், பூட்ஸ், கழுத்துல ஐடி கார்டு, மூஞ்சில தூசி, எங்க இருந்து வரேன்னு கேக்கவே தேவையில்லாம இருந்துச்சு. வேலை இடத்துலயே விட்டுட்டு வாப்பான்னு சொல்லி அனுப்பிட்டாங்க.

மூணு வாரம் கழிச்சு ஞாயித்துக்கிழமை, நல்ல சட்டை போட்டுட்டு ஃப்ரெண்டு வீட்டு ஃபங்ஷனுக்குப் போறேன், வேலைக்குத் தூக்கிட்டுப் போற அதே பை. அதே பீப். அதே பாக்ஸ் கட்டர்தான், சைடு பாக்கெட்ல கிடந்துருக்கு. வேலைக்குத்தான் சார்னு சொன்னேன், இன்னைக்கு வேலையான்னு கேட்டாரு. என்ன சொல்றது. அபராதம் கட்டுனேன், கட்டரும் போச்சு. வேலைல சேரறப்ப பெட்டி தூக்கற விதம், ஃபோர்க்லிஃப்ட் பக்கம் நிக்காதன்னு அரை நாள் வகுப்பு எடுத்தாங்க, கட்டர வீட்டுக்கு எடுத்துட்டுப் போகாதன்னு ஒரு வார்த்தை யாரும் சொல்லல.

இப்ப இன்னும் கடுமை. 2025 மே மாசம் மச்செட்டி, அதான் நீட்டு வெட்டுக்கத்தி, விக்கறதுக்குத் தடை போட்டாங்க, செப்டம்பர்ல இருந்து வீட்டுல வச்சிருக்கறதே குத்தம். ஒரு ஊருக்கு மாறுறப்ப படிச்சது ரெண்டு வருஷம் கழிச்சு அப்படியே இருக்கும்னு நம்பாதீங்க.

துபாஷி:
@கிடங்கு_குமார் சொன்னது சத்தியம். இங்கயும் 2021ல இருந்து சில கத்திகள் வீட்டுக்குள்ளயே வச்சிருக்கக் கூடாது, பட்டாம்பூச்சி மாதிரி விரியற கத்தி, பட்டன்ல பாயற ஃப்ளிக் கத்தி எல்லாம். 2024 செப்டம்பர்ல பாக்கவே பயமுறுத்தற பெரிய ஜோம்பி ஸ்டைல் கத்தி சேத்தாங்க, 2025 ஆகஸ்ட்ல நிஞ்சா வாள். மடக்கி, உன் பெட்டில சுவத்துல மாட்டற அலங்காரச் சாமான்னு ஏதாச்சும் இருந்தா எடுத்து வெளிய வை.

பகல்நிலா:
எல்லாரும் போலீஸ் பக்கமே பேசறீங்க. ராத்திரி தனியா நடந்து வர்ற ஆளு, புது ஊரு, பாதுகாப்புக்கு ஒண்ணு வச்சுக்கறதுல என்ன தப்பு? திருடனுக்கு மட்டும் சட்டம் தெரியுமா?

துபாஷி:
பகல்நிலா, உங்க கோவம் புரியுது. ராத்திரி பஸ்ஸுல தனியா வந்தவதான் நானும். ஒண்ணு சொல்றேன், ஆளு, ஊரு, நாள் எல்லாம் மாத்திட்டேன்.

ஸ்டேஷன்ல விசாரணை ரூம். சின்னப் பையன், வந்து நாலு மாசம். இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவனுக்கு அரசாங்கம் குடுத்த வக்கீல், எதிர்ல ஆபீசர், டேபிள்ல ரெக்கார்டர். கத்தி ஒரு பிளாஸ்டிக் பைல. வக்கீல் உள்ள போறதுக்கு முன்னாடி அவன்கிட்ட எல்லாம் சொல்லிருந்தாரு, நான்தான் மொழிபெயர்த்தேன். இது எதுக்கு உன்கிட்டன்னு ஆபீசர் கேட்டாரு. பையன் என்னப் பாத்தான், ஆபீசரப் பாக்கல. "சும்மாக்கா, ஒரு சேஃப்டிக்குத்தான்"னு சொன்னான். ரொம்ப சாதாரணமா, கேட்டா எந்த அம்மாவும் பாவம்னு சொல்ற மாதிரி.

எனக்குத் தெரியும் அந்த ஒரு வரி என்ன பண்ணும்னு. ஆனா என் வேலை சொன்னத சொன்னபடி சொல்றது, கூட்டவும் கூடாது குறைக்கவும் கூடாது. சொன்னேன். வக்கீல் எழுதிட்டிருந்த பேனாவ மூடி டேபிள்ல வச்சுட்டாரு. ஆபீசர் மேல கேள்வியே கேக்கல, அதே வரிய திருப்பிப் படிச்சுக் காட்டுனாரு, சரிதானேன்னு. சரிதான்னான். அவனுக்கு நல்ல பதில் சொன்ன திருப்தி.

தற்காப்புக்குன்னு நீங்க சொன்னா இங்க என்ன அர்த்தம்னா, தேவைப்பட்டா இத ஒரு மனுஷன் மேல உபயோகிக்கத் தயாரா கிளம்பிருக்கேன்னு நீங்களே ஒத்துக்கறது. வெறும் பிளேடா இருந்தது அந்த வாக்கியத்துக்கு அப்புறம் ஆயுதமா மாறிடும். பார்சல் பிரிக்கன்னு சொன்னவனுக்கு ஒரு வழி இருக்கலாம், இவனுக்கு இருந்த வழியும் போச்சு. குமார் சொன்ன மாதிரி வேற நாட்டுலயும் இதே கதைதான். நியாயமா இல்லையான்னு நான் வாதாட வரல, எனக்கே சில நாள் இது நியாயம்னு தோணாது.

பகல்நிலா:
படிச்சுட்டு ரொம்ப நேரம் ஒண்ணும் எழுதத் தோணல. அப்ப ராத்திரி என்னதான் பண்றது?

துபாஷி:
அலாரம் வச்சுக்கோங்க, இழுத்தா கத்தற சின்னது, சட்டச் சிக்கல் இல்ல. மிளகு ஸ்ப்ரே வாங்கிடாதீங்க, அது இங்க துப்பாக்கிச் சட்டத்துக்குள்ள வரும், கத்திய விட மோசம்.

பஞ்சு:
சீக்கியர்கள் மதத்துக்காக கிர்பான்னு ஒரு கத்தி போட்டுக்கறாங்களே, அது எப்படி? என் ரூம்மேட் அடுத்த வருஷம் கனடா போறாரு, அவருக்காகக் கேக்கறேன்.

ஹைவே:
கனடால 2006ல உச்ச நீதிமன்றமே ஸ்கூல் பையன் விஷயத்துல தீர்ப்பு சொல்லிருக்கு, முழுசாத் தடை பண்ணக் கூடாது, உறைல போட்டு துணிக்குள்ள வச்சுத் தைச்சு எடுக்க முடியாத மாதிரி இருந்தா போட்டுக்கலாம்னு. இங்கிலாந்துல மதக் காரணம் சட்டத்துலயே இருக்குன்னு அக்கா மேல சொல்லிட்டாங்க. ஆஸ்திரேலியால குயின்ஸ்லாந்து மாநிலத்துல ஸ்கூலுக்குள்ள கிர்பான் கூடாதுன்னு இருந்த தடைய 2023ல அப்பீல் கோர்ட் செல்லாதுன்னு சொல்லிடுச்சு. ஆனா ஃப்ளைட் கேபின் வேற கணக்கு, ஏர்லைன்கிட்ட முன்னாடியே கேக்கச் சொல்லுங்க.

பனித்துளி:
ஜப்பான் ஒரு வரி சேத்துக்கறேன். பிளேடு 6 செ.மீ. தாண்டுனா நியாயமான காரணம் இல்லாம எடுத்துட்டுப் போகக்கூடாது, 2 வருஷம் ஜெயில் இல்ல 3 லட்சம் யென் வரைக்கும் அபராதம். லாக் இல்லாத மடக்குக் கத்திக்கு 8 செ.மீ. வரைக்கும் கொஞ்சம் தளர்வு. ஆஹா 6க்குக் கீழ வாங்கிட்டேன்னு சந்தோஷப்பட்டுடாதீங்க, அதுக்கு சின்னக் குற்றங்கள் சட்டம்னு தனியா ஒண்ணு இருக்கு, காரணம் இல்லாம மறைச்சு வச்சிருந்தா அதுல பிடிப்பாங்க. ரெண்டு பக்கமும் கூர் உள்ள குத்துக்கத்தி 5.5 செ.மீ.யோ அதுக்கு மேலயோ இருந்தா வச்சிருக்கவே கூடாது, 2008ல டோக்கியோவுல அகிஹபாரா ஏரியால நடந்த தாக்குதலுக்கு அப்புறம் கொண்டு வந்தது.

ரேஸர்ராஜா:
சரிப்பா சரி, நான் ஒத்துக்கறேன், 3 இன்ச் எல்லா நாட்டுக்கும் இல்ல. ஆனா ஃப்ளைட்ல 6 செ.மீ. வரைக்கும் கேபின்லயே விடறாங்கன்னு நான் சொன்னா அதுவும் தப்பா?

ஹைவே:
அது பாதி சரி ராஜா. ஐரோப்பிய யூனியன் ரூல்படி 6 செ.மீ.க்கு மேல போனாத்தான் கேபின்ல தடை. அமெரிக்கால 2013ல அதே மாதிரி விடலாம்னு அறிவிச்சாங்க, விமானப் பணியாளர்கள் கிளம்பி எதிர்த்ததும் ரெண்டு மூணு மாசத்துல வாபஸ் வாங்கிட்டாங்க, இன்னைக்கும் பிளாஸ்டிக், மழுங்கல் முனை வெண்ணெய்க் கத்தி தவிர எதுவும் கூடாது. நடுவுல ஒரு ஏர்போர்ட் மாறுனாலே மறுபடி செக்கிங், அந்த ஊர் ரூல் வேற. செக்-இன்ல போட்டுட்டு நிம்மதியா தூங்கு.

மடக்கி:
எல்லாருக்கும் பெரிய நன்றி. முடிவு பண்ணிட்டேன். மல்டிடூல் இங்கயே தம்பிகிட்ட, ஊருக்கு வர்றப்ப வாங்கிப்பேன்னு சொல்லிக் குடுத்தாச்சு, அவன் வாங்குன வேகத்தப் பாத்தா திரும்பி வரும்னு தோணல. லாக் இல்லாத குட்டி பேனாக்கத்தி ஒண்ணு வாங்கிருக்கேன், 5.5 செ.மீ., அதையும் போனதும் வீட்டு டிராயர்ல போட்டு வைக்கப் போறேன், பாக்கெட்ல இல்ல. கிச்சன் கத்தி ரெண்டையும் அடுப்படி அண்ணன் சொன்ன மாதிரி உறை, அட்டை, டேப், துணி ரோல், உள்ளங்கை டெஸ்ட் பாஸ். ரெண்டு நாளா பாக்கெட் லேசா இருக்கு, கதவ சாத்தறப்ப நாலாவது தட்டு தட்டிட்டு வெறும் தொடைல கை படுது.

துபாஷி:
நல்ல முடிவு தம்பி. கடைசியா ஒரு வேலை பண்ணு. கையில எடுத்துட்டுப் போற பை, லேப்டாப் பை, ஜாக்கெட், எல்லாத்தையும் கட்டில் மேல கவுத்துக் கொட்டு. சைடு ஜிப், உள் ஜிப், சாவிக் கொத்து, எதையும் விடாத.

மடக்கி:
அக்கா. லேப்டாப் பைல சார்ஜர் வைக்கற அறைக்குப் பின்னாடி இன்னொரு ஜிப் இருக்கறதே எனக்கு இன்னைக்குத்தான் தெரியும். போன வருஷம் ஆபீஸ் மாத்துனப்ப பெட்டி பிரிக்க வாங்குன பாக்ஸ் கட்டர் உள்ள கிடக்கு, மஞ்சக் கலர், துரு கூட பிடிக்கல.

கிடங்கு_குமார்:
ஞாயித்துக்கிழமை சட்டை போட்டுட்டுப் போயிருந்தா தெரிஞ்சிருக்கும்.